கடைசி இடத்தில் நிற்பவர் யார்?

பன்னாட்டு நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் என்றாலே, வேலைக்கு எடுப்பவர்கள் அல்லது வேலையை விட்டு அனுப்புகிறவர்கள் என்றே நம்மில் அநேகர் எண்ணுகிறோம். புனே நகரில் அத்துறையில் பல ஆண்டுகளாய்ப் பணிபுரியும் நான், இவ்விரண்டுக்கும் நடுவே நடக்கும் ஒரு காரியத்தைக் குறித்து எழுத விரும்புகிறேன். அது ஆண்டு மதிப்பீடு.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், ஊழியர்களை 20, 70, 10 விழுக்காடு எனப் பிரிக்கும் முறையைப் பிரபலமாக்கினார். கடைசிப் பத்து விழுக்காட்டினர் முன்னேற வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். ஆயிரம் பேருக்கு ஓரளவு பொருந்தும் இக்கணக்கு, பத்துப்பேர் குழுவுக்குப் பொருந்துமோ? பத்துப்பேரும் நன்றாய் உழைத்திருந்தாலும் ஒருவர் கடைசியில் நின்றே ஆகவேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2013 நவம்பரில் இத்தகைய தரவரிசையைக் கைவிட்டது. ஆகிலும் வேறு பெயர்களில் அது பல இடங்களில் உயிரோடிருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்து வாலிபர் ஒருவர் எங்கள் நிறுவனத்தில் இருந்தார். இரவுப் பணியில் பழுதுகளைச் சரிசெய்து, வாடிக்கையாளரின் முறையீடுகளைப் பெருமளவு குறைத்தவர். சுயமதிப்பீட்டுப் படிவத்தில் அவர் எழுதியதோ, "கொடுத்த வேலைகளை முடித்தேன்" என்ற ஒரே வரி. தன்னைத்தானே புகழலாகாது என்று வீட்டில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அது நல்ல வளர்ப்புதான். ஆனால் அவருக்குத் தரம் இடும் மேலாளர் அமெரிக்காவில் இருந்தார். அவர் கண்டது காகிதத்தை மட்டுமே.

தரங்களை ஒப்பிட்டு இறுதி செய்யும் கூட்டத்தில் அந்த வாலிபரின் பெயர் கடைசியில் இருந்தது. பணிப் பதிவேட்டை எடுத்துக்காட்டி வாதாடினேன். "சரி, இவரை மேலே ஏற்றுவோம், பதிலாக யாரை இறக்குவது?" என்று கேட்டார்கள். அடுத்திருந்தவர் பிரசவ விடுப்பில் பாதி ஆண்டைக் கழித்த ஒரு தாய். விடுப்பைக் காரணமாக்கித் தரம் குறைக்கக்கூடாது என்று அதற்கும் மறுத்தேன். ஒன்றரை மணி நேரம் கழிந்தது. கடைசியில் இரு குழுக்களைச் சேர்த்து எண்ணச் சம்மதித்தார்கள், இருவரும் தப்பினார்கள். பக்கத்துக் குழுவில் வேறொருவர் அந்த இடத்திற்கு வந்தார். அவரை எனக்குத் தெரியாது.

நகரத்தில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். செய்த வேலையை மாதந்தோறும் தேதியோடும் எண்ணிக்கையோடும் குறித்து வையுங்கள். "முறையீடுகள் 40இலிருந்து 12ஆகக் குறைந்தன" என்று எழுதுவது தற்பெருமையன்று, கணக்கு. பாராட்டி வந்த மின்னஞ்சல்களை அழிக்காதிருங்கள். குறைந்த தரம் வந்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாய்க் கேளுங்கள். அந்த வாலிபர் இப்போது ஒவ்வொரு மாதமும் குறித்து வைக்கிறார். சென்ற படிவத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.