தூணுக்குப் பின்னால் நின்றவர்



மக்தபில் என்னிடம் ஓதிய மாணவன் ஒருவன், திரைக்கதை எழுதும் கலையைப் பயில புனே திரைப்படக் கல்லூரிக்குச் சென்றான். 1960ஆம் ஆண்டு, பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம் அது. புறப்படுமுன் அவனுடைய தந்தை அவனை என்னிடம் அழைத்து வந்து, “நீங்களாவது புத்தி சொல்லுங்கள் ஹஜ்ரத்” என்றார். “அந்த வாசலை மிதித்தால் என் முகத்தில் விழிக்காதே” என்றேன். அவன் ஸலாம் கூறிவிட்டுச் சென்றான்.

சென்ற ரமலானில் ஓரிரவு, தராவீஹ் முடிந்து மக்கள் கலைந்த பின் அவன் வந்தான். கையில் சில தாள்கள் இருந்தன. என்ன கற்றாய் என்று கேட்டேன்.

“கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டுமே எழுதலாம், ஹஜ்ரத். ‘அவர் வருந்தினார்’ என்று எழுதினால் ஆசிரியர் கோடிட்டுவிடுவார். வருந்துபவர் என்ன செய்கிறார் என்றுதான் எழுத வேண்டும்” என்றான். ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்று குறிக்க வேண்டுமாம். எழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடமாம். காட்சிகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்களாம். ஓர் அட்டையை எடுத்த பின்னும் கதை குறைவின்றி நின்றால், அந்தக் காட்சி வீண் என்று நீக்கிவிடுவார்களாம்.

ஒரு பொருளே கதையை நடத்திச் செல்வதற்கு வகுப்பில் உதாரணம் கேட்டபோது, இவன் ஸூரா யூஸுஃபைக் கூறியிருக்கிறான். அதில் சட்டை மூன்று இடங்களில் வருகிறது. முதலில் பொய் இரத்தத்துடன் தந்தையிடம் வருகிறது. பிறகு பின்புறம் கிழிந்து, யூஸுஃப் (அலை) அவர்களின் தூய்மைக்குச் சாட்சியாகிறது. இறுதியில் யஃகூப் (அலை) அவர்களின் முகத்தில் போடப்பட்டதும் பார்வை மீள்கிறது. நான்காம் வசனத்தின் கனவு நூறாம் வசனத்தில் நனவாவதையும் கூறினானாம். “நீங்கள் ஓதிக்கொடுத்ததுதான் ஹஜ்ரத்” என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பிறகு அந்தத் தாள்களை நீட்டினான். அவன் எழுதிய சிறிய திரைக்கதை. உள்ளே, மக்தப், மாலை. ஒரு சிறுவன் வசனத்தை மறந்து தடுமாறுகிறான். உஸ்தாத் பிரம்பை ஓங்குகிறார். அடுத்த காட்சி: வெளியே, ஹவ்ளின் கரை. சிறுவன் சிவந்த உள்ளங்கையைத் தண்ணீரில் அமிழ்த்தி அழுகிறான். தூணுக்குப் பின்னால் உஸ்தாத் நிற்கிறார். அருகில் வரவில்லை. திரும்பிச் செல்கிறார்.

அந்த மாலை எனக்கு நினைவிருந்தது. நான் நின்றதை அவன் பார்த்திருப்பான் என்றுதான் எனக்குத் தெரியாது.

“அவர் ஏன் வரவில்லை என்று நீ எழுதவில்லையே?” என்றேன்.

“அது கண்ணுக்குத் தெரியவில்லை, ஹஜ்ரத். அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

சிறிது நேரம் கழித்தே என்னால் பேச முடிந்தது. “வர நினைத்தேன், தம்பி. மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் கண்ணியம் குறைந்துவிடுமோ என்று அஞ்சினேன். அன்று அடித்ததற்கும், அன்று வராததற்கும், நீ புனே செல்லும்போது சொன்ன சொல்லுக்கும் என்னை மன்னித்துவிடு” என்றேன். அவன் என் கையைப் பற்றிக்கொண்டான்.

திரைப்படத் துறையிலுள்ள எல்லாவற்றையும் ஆகுமென்று நான் கூறவில்லை. மார்க்க வரம்புகளை அன்றிரவும் அவனிடம் எடுத்துச் சொன்னேன். ஸஹர் வரை அமர்ந்து கேட்டான், ஐயங்களையும் எழுப்பினான். முகத்தில் விழிக்காதே என்று விரட்டியிருந்த இத்தனை காலமும் அவன் அந்த ஐயங்களை யாரிடம் கேட்டிருப்பான்?

பெற்றோர்களே, பிள்ளையின் பாதை நமக்கு உவப்பில்லாததாக இருக்கலாம். கண்டியுங்கள், விளக்குங்கள், துஆச் செய்யுங்கள். திரும்பி வரும் வாசலை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

பிரம்பை இப்போது நான் மக்தபுக்கு எடுத்துச் செல்வதில்லை. அல்லாஹ் நம் அனைவரின் பிழைகளையும் பொறுத்தருள்வானாக. ஆமீன்.