பூச்சியின் மூளையும் உழவரின் கவலையும்

கடுகினுஞ் சிறிய மூளையொன்று உழவன் உழைப்பைச் சூறையாட வல்லதெனின் நம்புவார் யார்? ஆயினும் சேலம், நாமக்கல் சமவெளிகளில் மக்காச்சோளக் கொல்லைகளூடே நடந்து பார்த்த எமக்கு அதில் ஐயமில்லை. அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு, 2018-ஆம் ஆண்டில் கருநாடகத்தில் முதன்முதற் காணப்பட்டு, அவ்வாண்டே தமிழ்நாட்டிலும் புகுந்தது. அது குருத்துக்குள் ஒளிந்திருந்து தின்பதால், மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை. “மருந்துக்கு வாங்கிய கடன் நிற்கிறது, தம்பி, பயிர்தான் நிற்கவில்லை” என்றார் முதிய உழவர் ஒருவர். நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கு மக்காச்சோளம் முதன்மைத் தீவனமாதலின், கொல்லையில் நேர்ந்த குறை பண்ணையையும் தாக்குகின்றது.

புழுவைத் தின்னத் தூண்டுவது யாது? வயிறு மட்டுமன்று என்பர் பூச்சி நூலார். பூச்சிகளின் மூளையும் நரம்புகளும் சில நுண்பொருள்களைச் சுரந்து செய்தி விடுக்கின்றன. நியூரோபெப்டைடு எஃப் என்பது பல பூச்சிகளில் உணவு வேட்கையை எழுப்புகின்றது. சல்ஃபாகைனின் என்பது போதுமென உணர்த்தி வாயை அடக்குகின்றது. ஒன்று முடுக்க, மற்றொன்று கடிவாளமிடுகின்றது.

இனப்பெருக்கத்திலும் இதுவே முறை. பெண் அந்துப்பூச்சி இரவில் மணம் பரப்பி ஆணை அழைக்கும். 1984-இல் அசோக் ரெய்னாவும் குளூனும், அமெரிக்கச் சோளக்கதிர்ப் புழுவின் அந்துப்பூச்சியை ஆராய்ந்து, மூளையிலிருந்து வரும் பொருளொன்றே அம்மணத்தை ஆக்கத் தூண்டுகின்றதெனக் காட்டினர். தலையின் தொடர்பைத் தடுத்தவிடத்து மணம் நின்றது. மூளைச்சாற்றை ஊசியாற் செலுத்தியபோது மீண்டுந் தோன்றிற்று. அப்பொருள் 33 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியென்பது 1989-இல் வெளியாயிற்று.

நிற்க. இவ்வறிவால் உழவருக்கு விளைவதென்ன? பெண்பூச்சியின் மணத்தைச் செயற்கையாய் ஆக்கி வைத்த இனக்கவர்ச்சிப் பொறிகள் இன்று கொல்லைகளில் தொங்குகின்றன. அவற்றில் வீழ்வன ஆண்களே. ஆயினும் பூச்சி வந்துற்ற காலத்தை அவை அறிவிக்கும். மூளைச் செய்தியையே குலைக்கும் மருந்தை நாடுவோர்க்கோ இரு தடைகள் உள. அத்தகைய பொருள்கள் பூச்சியின் குடலில் விரைவிற் சிதைவன. மேலும், பட்டுப்புழுவினிடத்தும் அக்குலத்துப் பொருள்களே செய்தி சொல்கின்றன. மக்காச்சோளத்தோடு மல்பெரியும் பயிராகும் எம் சமவெளியில், ஒருவன் பகையைக் கொல்லும் மருந்து அயலான் பட்டுப்புழுவையும் அழித்தல் கூடுமன்றோ?

ஆகவே, ‘எதைக் கொல்லும்?’ என்பதோடு ‘எதை விட்டுவைக்கும்?’ என்றும் வினவுதல் வேண்டும். உயிர்நூல் பயிலும் எம் தோழர் இவ்வினாவை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்திவிடாது, வயல் வரப்பிற்கும் கொண்டுசெல்வாராக.