செவிக்கும் அளவுண்டு

ஓசையை எடுத்தல், படுத்தல், நலிதல் எனப் பகுத்தனர் இலக்கண நூலார். அப்பகுப்பினைப் பயிலும் எமக்கு, இந்நாளிற் சிறுவர் கையகத்தே ஒலிக்கும் விளையாட்டுக் கருவியும் ஆராய்தற்குரிய பொருளாகவே தோன்றுகின்றது.

1989-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட கேம்பாய் என்னுங் கருவியின் வலப்பக்கத்தே சிறு சக்கரமொன்று இருந்தது. ஒருபுறம் திருகின் ஒலி உயரும்; மறுபுறம் திருகின் அடங்கும். 2017-இல் அவர்கள் வெளியிட்ட சுவிட்ச் என்னுங் கருவியிலோ, மேல்விளிம்பில் கூட்டற்குறியும் கழித்தற்குறியும் இட்ட பொத்தான்கள் உள. வடிவு வேறாயினும் பயன் ஒன்றே.

அம்பத்தூரில் ரயிலேறிச் சென்ட்ரல் செல்லுங்கால் என் தம்பி இத்தகைய கருவியொன்றை இயக்குவான். அதன் ஒலிபெருக்கி மிகச் சிறிதாதலின், வண்டியின் இரைச்சலில் அதன் குரல் அமிழ்ந்துபோம். அவனும் பொத்தானை மேன்மேலும் அழுத்துவான். கொரட்டூரில் வண்டி நின்றதும் இரைச்சல் அடங்கும். கருவியோ அடங்காது கூவும். பெட்டியிலுள்ளார் திரும்பி நோக்க, அவன் நாணி இயர்போனை அணிவான். அயலார்க்கு அமைதி கிட்டும். ஆயின் வண்டி புறப்பட்டபின் அவன் மீண்டும் ஒலியை உயர்த்துங்கால், அதனை அறிவார் எவருமிலர். அச்சத்திற்குரிய இடம் இதுவே.

வாரத்திற்கு 40 மணிநேரம் கேட்போர்க்கு, பெரியோராயின் 80 டெசிபெல், சிறாராயின் 75 டெசிபெல் என எல்லை வகுத்துளது உலக சுகாதார நிறுவனம். அதன்மேல் 3 டெசிபெல் ஏறின் ஒலியாற்றல் இருமடங்காம். கேட்கத்தகும் நேரம் பாதியாகக் குறையும். உட்செவியிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒருமுறை அழியின் மீண்டும் தோன்றா.

1964-இல் நிறுவப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், தகடு அழுத்தும் இயந்திரத்தின் அருகே முப்பதாண்டு உழைத்தவர் என் பெரியப்பா. இன்று அவரை அழைக்கவேண்டின் தோளைத் தொடுதல் வேண்டும். தம்பியின் கருவியை ஒருநாள் வாங்கிப் பார்த்தவர், கழித்தற் பொத்தானைச் சுட்டி, “எங்க மிஷினுக்கு இது இல்லடா” என்றார்.

நண்பர்காள்! பிழைப்பின்பொருட்டுச் செவியை இழந்தார்க்கு வேறு வழியில்லை. விளையாட்டின்பொருட்டு இழப்பார்க்கோ வழி விரலடியிலேயே உளது. அமைதியான அறையில் ஒலியளவை அமைத்துக்கொண்டு, பின்னர் வண்டியேறுமின். சுவிட்சின் அமைப்புப் பகுதியில் இயர்போன் ஒலியின் உச்சத்தைக் குறைத்துவைக்கவும் இடமுண்டு. இரைச்சலில் ஆட்டத்தின் ஒலி கேளாதாயின், ஒலியின்றி ஆடுதலே நன்று.