மழைக்கோட்டு

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரர் என்னைக் கேட்டார்: "ஏன் ஸார், அந்த ராமசேஷன் கடைசியில் ஊருக்குத் திரும்பினானா, இல்லையா?"

உறவுக்காரப் பையன் யாரோ என்று நினைத்து, "திரும்பிவிட்டான், சௌக்கியமாக இருக்கிறான்" என்று சொல்லிவைத்தேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாயசம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய தொடர்கதையில் வருகிறவன் ராமசேஷன்!

அன்று ராத்திரி முழுவதும் அமெரிக்க நடிகர் பீட்டர் ஃபால்க்கின் ஞாபகம்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

1927-ல் நியூயார்க்கில் பிறந்தவர். மூன்று வயதில் கட்டி வந்து வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஆயுசு பூராவும் கண்ணாடிக் கண். பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் ஆடும்போது நடுவர் தப்பாக 'அவுட்' கொடுக்க, இவர் அந்தக் கண்ணைக் கழற்றி, 'உமக்குத்தான் இது தேவை' என்று நீட்டினாராம். அவரே சொன்ன கதை. கொஞ்சம் கைச்சரக்கும் சேர்ந்திருக்கலாம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதில் என்ன ஆட்சேபம்? படித்துப் பட்டம் வாங்கி, கனெக்டிகட் சர்க்காரில் வரவு செலவுத் திட்ட இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். அதை உதறிவிட்டு நடிக்க வந்தபோது வயசு முப்பதை நெருங்கிவிட்டது. 1960, 1961 இரண்டு வருஷப் படங்களுக்கும் ஆஸ்கார் பரிசுக்குப் பெயர் போயிற்று. பரிசு வரவில்லை.

1968-ல் டெலிவிஷனில் லெப்டினன்ட் கொலம்போவாக வந்தார். அந்தக் கசங்கின மழைக்கோட்டு கம்பெனி கொடுத்ததல்ல. அவருடைய சொந்தக் கோட்டு. கொலை செய்தவன் யார் என்பதை முதலிலேயே காட்டிவிடுவார்கள். நாங்கள் கடைசி அத்தியாயம் வரை மடியில் முடிந்து வைத்திருக்கிற ரகசியத்தை எடுத்த எடுப்பில் அவிழ்த்துக் கொட்டிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? இந்த மனுஷர்தான் மிச்சம். வாசல் வரை போவார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்புவார். இன்னும் ஒரே ஒரு சந்தேகம் என்பார். கொலைகாரனுக்கு வயிற்றைக் கலக்கும், நமக்கும்தான்.

2003 வரை, நடுவில் பத்து வருஷம் போல விட்டு, 69 கதைகள். நான்கு எம்மி பரிசுகள். புத்தி பேதலிக்கும் மனைவியோடு மல்லாடுகிற தொழிலாளியாக 1974-ல் ஜான் கஸாவட்டிஸ் படத்தில் நடித்தாரே, அதுதான் அவருடைய சிகரம் என்பது என் கட்சி. யார் கேட்டார்கள்? உலகத்துக்கு அவர் கொலம்போதான்.

கடைசி நாட்களில் அவருக்கு மறதி நோய் வந்தது. கொலம்போ என்ற பாத்திரமே அவருக்கு நினைவில்லை என்று 2009-ல் ஒரு டாக்டர் கோர்ட்டில் சொன்னார். 2011 ஜூனில் காலமானார்.

மறுநாள் பரணிலிருந்து பைண்டு செய்த பழைய தொகுப்பை இறக்கி, தும்மிக்கொண்டே படித்தேன். ராமசேஷன் ஊருக்குத் திரும்பவில்லை. கையில் டிக்கெட்டோடு மாயவரம் ஜங்ஷனில் நிற்கிறான்; வண்டி போய்விடுகிறது. அதோடு 'முற்றும்' போட்டிருக்கிறேன்.

கல்யாண வீட்டாருக்குக் கார்டு போட்டிருக்கிறேன், அந்த அடுத்த இலைக்காரரின் விலாசம் கேட்டு.