வராதவர்கள்

கூடலூரில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் எந்தக் காகிதமும் தப்பாது. தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்ததிலும் பூஞ்சை பூத்துவிடும். நாங்கள் நண்பர்கள் சிலர் லயம் லயமாக ஏறி இறங்கத் தொடங்கியதற்கு அந்த மழை ஒரு காரணம். பெட்டிக்குரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தது இன்னொரு காரணம்.

1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு வைத்தது. மிச்சமிருந்த 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாக வகுக்கப்பட்டனர். பாகப்பிரிவினையில் அண்டா குண்டாவைப் பிரிப்பதற்குக்கூட இதைவிட அதிகம் பேசுவார்கள். தலைமன்னாருக்குச் சென்ற ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பிறகு கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம். முகாமிலிருந்து ஒரு பகுதியினர் நீலகிரிக்கு வந்தனர். இவர்களுக்கு வேலை தருவதற்கென 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ ஆயிற்று. பந்தலூர், கொளப்பள்ளி, சேரம்பாடி எங்கும் அவர்கள் நட்ட தேயிலைதான். ஊரார் வாயில் மட்டும் அவர்கள் இன்றும் 'சிலோன்காரர்கள்'.

இலங்கையில் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகம் எங்களுக்கு ஒரு முன்மாதிரி. அதைப்போல எல்லாவற்றையும் சேகரித்து, எல்லாருக்கும் திறந்து வைத்துவிடலாம் என்றே நம்பினோம். கொளப்பள்ளிப் பக்கம் ஒரு பாட்டி அந்த நம்பிக்கையைக் குலைத்தார். மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒருநாள் இரவல் கேட்டோம்.

"இதக் குடுத்துட்டா நாங்க யாருன்னு எதத் தம்பி காட்டுறது?"

பேரனின் சாதிச் சான்றிதழுக்கு இன்னும் அந்த அட்டைதான் ஆதாரமாம். நாங்கள் வரலாறு என்று தேடிப்போனது அவருக்கு அன்றாடப் பிழைப்பு. வெட்கமாக இருந்தது. மூலம் வீட்டை விட்டு நகரக்கூடாது, திண்ணையிலேயே படமெடுப்பது என்று அன்றே முடிவாயிற்று.

திறந்து வைப்பது பற்றிய சச்சரவு அவ்வளவு எளிதில் தீரவில்லை. 1969-இன் ஜன்மச் சட்டத்துக்குப் பிறகும் இங்கே பல வீடுகளின் நிலம் வழக்கில்தான் இருக்கிறது. எந்த ஆண்டு எங்கே குடியேறினோம் என்று ஒருவர் மனம்விட்டுச் சொன்னது நாளை அவருக்கு எதிராகவே திரும்பலாம். எங்களுள் ஒருவர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் பேசவில்லை. இறுதியில், சொன்னவர் இசைந்தால் மட்டுமே காட்டுவது என்றானது. 'என் காலத்துக்குப் பின்' என்று சிலர் சொன்னார்கள். அதையும் அப்படியே குறித்துக்கொண்டோம்.

மறுமுறை போனபோது அந்தப் பாட்டி எங்கள் படிவத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடவுச்சீட்டு எண், கப்பலேறிய நாள், உடன் வந்தவர்கள் எல்லாம் வாசித்தோம்.

"எங்கண்ணன் பேரு எங்க?"

அண்ணன் இலங்கைப் பங்கில் விழுந்தவர். 1980களில் போர் மூண்டு கப்பல் நின்றது. கடிதங்களும் மெல்ல நின்றன. எந்தச் சர்க்கார் தாளிலும் இவருக்கு அவர் அண்ணனில்லை. எங்கள் படிவத்திலும் இடமில்லை. ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் கிழித்து 'வராதவர்கள்' என்று எழுதி, பெயரைக் கேட்டோம். அண்ணன், அண்ணி, தெருவில் கூட விளையாடியவள், அப்புறம் ஒரு நாய். நாயையும் எழுதினோம்.

அதன்பின் பழைய வீடுகளுக்கெல்லாம் அந்தக் கட்டத்தோடு மீண்டும் போக வேண்டியதாயிற்று. சேரம்பாடிப் பக்கம் பாதி பாக்கி. மழை விட்டதும் போக வேண்டும்.