330 என்று படித்தவன்

இரும்பு பீமின் தாங்குதிறன் அட்டவணையைப் படிக்கத் தெரியாமலே சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் பல ஆண்டுகள் பிழைத்தேன். ஒரே பீமுக்கு அதில் வரிசையாகப் பல எண்கள் இருக்கும். நான் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்வேன். பெரிய எண், வேலையும் சீக்கிரம் முடியும்.

406×178×60 பீமையே எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு 60 கிலோ. எஸ்275 இரும்பில், அப்போது நாங்கள் பின்பற்றிய பி.எஸ். 5950 விதிப்படி, அதன் வளைவுத் தாங்குதிறன் 330 கிலோநியூட்டன் மீட்டர். அதே பீம் ஆறு மீட்டர் தூரத்துக்கு இடையில் பிடிமானமே இல்லாமல் நின்றால் 130கூடத் தேறாது. பாரம் ஏறினால் மேல் பட்டை அழுந்தும். அழுந்தும் பட்டை பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கும். பீமே முறுக்கிக்கொண்டு சாயும். மேலே கான்கிரீட் தளம் இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். நான் போட்ட பீம்களில் பெரும்பாலானவை தளத்தைச் சுமந்தவை. அதனால்தான் தப்பித்தேன்; திறமையால் அல்ல.

பீடோங்கில் செம்பனை ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறை. செயின் பிளாக் ஓடுவதற்கு ஆறு மீட்டர் பீம். எனக்குத் தேவைப்பட்டது 200. அட்டவணையில் 330. போதும் என்று வரைந்து கொடுத்துவிட்டேன்.

பீமை ஏற்றிய வெல்டர், தோட்டத்திலிருந்து வந்தவர், அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நடுவுல புடிமானமே இல்லியே. திரும்பிடாதா?"

"அதெல்லாம் கணக்குல இருக்குண்ணே" என்றேன்.

கணக்கில் இல்லை. லயத்து வீட்டிலிருந்து படித்து வந்தவன், ஒரு வெல்டர் முன்னால் தெரியாது என்று சொல்வதா? அந்தத் திமிர்தான். இரவு அட்டவணையை எடுத்து, வலப்பக்க எண்களை முதன்முறையாகப் பார்த்தேன். வியர்த்துவிட்டது.

மறுநாள் பீமின் நடுவில் பக்கவாட்டுத் தாங்கி வைக்கச் சொன்னேன். பிடிமானமில்லாத நீளம் மூன்று மீட்டராகக் குறைந்தது; தாங்குதிறன் ஏறத்தாழ 250க்கு உயர்ந்தது. அத்தோடு நின்றிருந்தால் இதைத் தப்பு என்று மட்டும் சொல்லலாம். ஆனால் அந்தத் தாங்கிக்கான இரும்பையும் கூலியையும் 'கூடுதல் பாதுகாப்பு' என்று பில்லில் எழுதி முதலாளியிடம் வாங்கினேன். இவ்வளவு அக்கறையா என்று அவர் நன்றி வேறு சொன்னார். வெல்டரின் பெயரை நான் எங்கும் எடுக்கவில்லை.

பட்டறை இன்றும் நடக்கிறது. அந்தப் பணத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.