சங்ககிரியில் ஒரு 12 வோல்ட் பாடம்
மாமாவோட பழைய லாரியில டேப் செட் மண்டையைப் போட்டுருச்சு. ராத்திரி லோடுக்கு அவருக்குப் பாட்டுதான் துணை. கோவையில ஒரு கார் செட் வாங்கிட்டு அவிநாசி, பெருந்துறை, பவானி தாண்டி சங்ககிரி போனேன். 1805-ல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட கோட்டை மலை; கீழே லாரிப் பட்டறைகள்.

லாரியில ரெண்டு பேட்டரி, 24 வோல்ட். செட்டுக்கு 12 போதும். "ஒரே பேட்டரியில எடுத்துக்கலாமே?"ன்னேன்.

"ஏனுங் தம்பி, ஜோடி மாட்டுல ஒண்ணே இழுத்தா வண்டி என்னாகுமுங்?" எலெக்ட்ரீஷியன் அண்ணன் சிரிச்சார். ஒண்ணு இறங்கும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ் ஆகும், ஒருநாள் நடுக்காட்டுல வண்டி கிளம்பாது! நடுவுல கன்வெர்ட்டர் மாட்டினார்.

பாட்டு வந்ததும் மாமா சத்தத்தைக் குறைச்சார். "பின்னாடி ஹாரன் கேக்கோணுமில்ல மாப்ள!"

செமஸ்டர் முழுக்கப் புரியாத சீரீஸ் சர்க்யூட், ஒரு டீக்குள்ள புரிஞ்சிருச்சு பாஸ்!